மருந்தும் அளவும் வேளையும்

அபினிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மார்பின், மார்பினைக் கொண்டு ரசாயன முறையில் செய்யப்பட்ட ஹெராயின், அவற்றின் குணத்தையே இலக்காக வைத்து ஆராய்ச்சிசாலைகளில் உருவாக்கப்பட்ட ஃபென்டனில் முதலிய வஸ்துக்களுக்கு அடிமைப்பட்டவர்களை மீட்பதற்கு மருந்து உண்டு என்பதையும், அம்மருந்துகளில் பிரதானமான இரண்டும் 2005ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன என்பதையும் நம்மில் அறிந்தவர்கள் சிலரே. அறிந்தவர்களிலும் பலர், மருந்து கைக்குக் கிடைத்துவிட்டால் சிகிச்சை தானாக நடந்தேறிவிடும் என்ற அபிப்பிராயம் உடையவர்களாக இருக்கிறார்கள். மெதடோன், பியூப்ரெநார்ஃபின் என்ற இவ்விரு மருந்துகளையும் பல ஆண்டுகள் கையாண்டிருக்கும் வைத்தியர்களைக் கேட்டால், முதல் வேளையை எந்த நேரத்தில் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, அதை எத்தனை நாளைக்கு ஒரு முறை உயர்த்துவது, எங்கே நிறுத்தி நிலைக்கவிடுவது என்பவற்றில்தான் சிகிச்சையின் சாரமே இருக்கிறது என்பார்கள். அந்தச் சாரத்தைப் பொதுமக்களும் தெரிந்துகொள்வது நலம். ஏனெனில், நோயாளி பாதி வழியில் மருந்தை விட்டுவிடுவதற்கும், வீட்டார் அவனை விடச்சொல்லி வற்புறுத்துவதற்கும் இதைப் பற்றிய அறியாமையே பெரும்பாலும் காரணமாகிறது.

இச்சிகிச்சை 1964ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ராக்கஃபெல்லர் நிறுவனத்தின் மருத்துவமனையில் பிறந்தது. உடற்பருமன் முதலிய வளர்சிதைக் கோளாறுகளை ஆராய்ந்துவந்த வின்சென்ட் டோல் என்னும் மருத்துவரும், ஹெராயின் அடிமைகளுக்குப் பல ஆண்டுகளாக மனநல வைத்தியம் செய்து அதன் தோல்விகளை நேரில் கண்டிருந்த மேரி நைஸ்வாண்டர் என்னும் அம்மையாரும், மேரி ஜீன் கிரீக் என்ற இளம் மருத்துவரும் அதில் ஈடுபட்டார்கள். முதலில் வந்த நோயாளிகளுக்கு அவர்கள் மார்பினைக் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. நோயாளிகளோ ஒன்று போதையில் கிடந்தார்கள், அல்லது அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு எதிலும் அவர்கள் மனம் செல்லவில்லை. பிறகு மார்பினை விலக்கும் பொருட்டு, ஜெர்மானிய ரசாயன அறிஞர்கள் 1930களின் இறுதியில் வலி நிவாரணியாகக் கண்டுபிடித்திருந்த மெதடோனை வாய்வழியே கொடுத்தபோது, எதிர்பாராத மாறுதல் ஒன்று தென்பட்டது. அதே மனிதர்கள் படம் வரையவும், விட்டுப்போன படிப்பைத் தொடரவும் அனுமதி கேட்கத் தொடங்கினார்கள். ஒரே அளவு மருந்து நாள்தோறும் ஒரு வேளை போதுமாயிருந்தது. அளவை ஏற்றச்சொல்லி அவர்கள் மன்றாடவில்லை. இருபத்திரண்டு நோயாளிகளைப் பற்றிய இவ்வனுபவத்தை டோலும் நைஸ்வாண்டரும் 1965இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள்.

ஒன்றையொன்று ஒத்த இரு வஸ்துக்களில் ஒன்று மனிதனைக் குலைக்க, மற்றொன்று அவனை நிலைநிறுத்துவது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை, சரீரம் அவற்றை ஏற்றுக்கொள்ளும் வேகத்திலும் விடுவிக்கும் வேகத்திலும் இருக்கிறது. நம் நரம்பணுக்களின் மேல் இவ்வகை வஸ்துக்கள் வந்து பற்றிக்கொள்வதற்கென்றே ஏற்பிகள் உள்ளன என்பதை 1973இல் பால்டிமோர் நகரத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்நைடரும் செய்துகாட்டினார்கள். அந்த ஏற்பிகளுக்கு உரியவையாக உடலே சுரக்கும் வலி நிவாரணிகளை இரண்டாண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் கண்டறிந்தார்கள். ஹெராயின் இந்த ஏற்பிகளைச் சில நிமிஷங்களில் வெள்ளம்போல் நிறைத்து, சில மணி நேரத்தில் காலிசெய்துவிட்டுப் போய்விடுகிறது. மாதக்கணக்கில் இது நடக்கும்போது, நரம்புகள் அந்த வஸ்து இருப்பதையே இயல்பான நிலையாகக் கொண்டு தம்மை மாற்றியமைத்துக்கொள்கின்றன. அது விலகியவுடன், இத்தனை காலம் அடக்கப்பட்டிருந்த மூளைத்தண்டின் நரம்புக் கூட்டங்கள் கட்டவிழ்ந்து நாரட்ரினலினை மிகுதியாகச் சுரக்க, கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, கண்பாவை விரிதல், வயிற்றைப் பிசையும் வலி, பேதி, எலும்புக்குள் குடைவது போன்ற நோவு, தூக்கமின்மை எல்லாம் ஒருங்கே வருகின்றன. இந்த விலகல் வேதனையிலிருந்து தப்புவதற்காகவே அடிமைப்பட்டவன் நாளைக்கு மூன்று நான்கு முறை அந்த வஸ்துவைத் தேடிப் போகிறான். சுகத்துக்காகத் தொடங்கியது வேதனைக்குப் பயந்து தொடர்கிறது. மெதடோனோ மெல்ல ஏறி, மெல்ல இறங்குகிறது. ஏற்பிகளை நாள் முழுவதும் ஒரே நிதானத்தில் வைத்திருப்பதால், போதையும் வேதனையும் மாறி மாறி வரும் சக்கரம் நின்றுவிடுகிறது.

ஆனால் அந்த மெதுவான சுபாவத்தில்தான் மெதடோனின் அபாயமும் மறைந்திருக்கிறது. உட்கொண்ட மெதடோனில் பாதி வெளியேறுவதற்குச் சராசரியாக ஒரு நாள் ஆகிறது. சிலருக்கு எட்டு மணி நேரத்திலும் ஆகலாம், சிலருக்கு இரண்டு நாளுக்கு மேலும் ஆகலாம். முதல் நாள் கொடுத்ததில் ஒரு பகுதி உடலில் தங்கியிருக்கும்போதே இரண்டாம் நாளின் மருந்து வந்து சேர்கிறது. அதன்மேல் மூன்றாம் நாளின் மருந்து. வரத்து மிகுந்து மதகு குறுகிய ஏரியில், நாள்தோறும் வரும் நீரின் அளவு மாறாவிட்டாலும் மட்டம் உயர்ந்துகொண்டே போவதுபோல, வைத்தியர் ஒரே அளவைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் மருந்தின் மட்டம் நான்கைந்து நாட்களோ, அதற்கு மேலோ ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் மாலை, “போதவில்லை, உடம்பு நோகிறது” என்று நோயாளி அழுதால், அவன் சொல்வது மெய். ஆயினும் அந்த வேதனைக்கு இரங்கி அன்றே அளவை இரட்டித்த வைத்தியருடைய நோயாளி, நான்காம் இரவில் உறக்கத்திலேயே சுவாசம் மந்தமாகி மடிந்துபோவதற்கு இடமுண்டு. மெதடோன் சிகிச்சையில் மரணங்கள் அதிகம் நேர்வது முதல் சில வாரங்களில்தான் என்பது பல நாடுகளிலும் கண்ட அனுபவம். ஆகவேதான் முதல் நாளில் 20 முதல் 30 மில்லிகிராமுக்குள் தொடங்கி, மருந்து உச்சத்தை எட்டும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு நோயாளி எப்படி இருக்கிறான் என்று பார்த்து, சில நாட்களுக்கு ஒரு முறை ஐந்தோ பத்தோ மில்லிகிராம் மட்டும் ஏற்றுவது விதியாக இருக்கிறது. மது அருந்துபவர்களிடமும், தூக்க மாத்திரைகளைச் சேர்த்துத் தின்பவர்களிடமும், நுரையீரல் நோய் உள்ளவர்களிடமும் இந்த ஜாக்கிரதை இன்னும் இறுக வேண்டும்.

மெல்ல ஏற்ற வேண்டும் என்பதைத் தாழ்ந்த அளவிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்வது, எதிர்ப்பக்கத்தில் உள்ள தவறு; அது வெளியே தெரியாமல் நடந்துவிடுவதால் அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். பெரும்பாலான நோயாளிகள் நிலைகொள்வது 60 முதல் 120 மில்லிகிராம் வரையான அளவில். பால்டிமோரில் நடந்து 1999இல் வெளியான ஒரு பரிசோதனையில், 80 முதல் 100 மில்லிகிராம் பெற்றவர்கள் 40 முதல் 50 வரை பெற்றவர்களைக் காட்டிலும் கள்ள அபின் வகைகளைக் குறைவாகவே நாடினார்கள். அப்படியிருந்தும், அதிகம் கொடுப்பது நோயாளிக்குச் சலுகை காட்டுவதாகும் என்ற ஒரு நினைப்பினால், முப்பதிலும் நாற்பதிலும் வருஷக்கணக்காக அவனை நிறுத்தி வைத்துவிட்டு, அவன் மீண்டும் ஹெராயினைத் தொட்டதும் “இவன் திருந்தமாட்டான்” என்று வெளியேற்றும் சிகிச்சை நிலையங்கள் இருந்திருக்கின்றன. ரத்தக் கொதிப்பு அடங்காத ஒருவரை மருந்தின் அளவு போதாமைக்காக யாரும் விரட்டுவதில்லை. இந்த நோயாளிக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

அளவு என்பது ஒரு முறை நிர்ணயித்து விட்டுவிடக்கூடிய காரியமும் அன்று. நன்றாக நிலைகொண்டிருந்த சில நோயாளிகள் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்ளத் தொடங்கியதும் திடீரென்று விலகல் வேதனையில் துடித்ததை, மேற்சொன்ன கிரீக்கும் அவருடைய சகாக்களும் 1976இல் வெளிப்படுத்தினார்கள். மெதடோனைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை ரிஃபாம்பிசின் முடுக்கிவிடுகிறது என்பதே காரணம், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் எஃபவிரென்ஸ், நெவிரபின் ஆகியவற்றுக்கும் அதே குணம் உண்டு. காசநோயும் எச்.ஐ.வி.யும் ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர்களிடையே மிகுந்திருக்கும் நம் நாட்டில், இதை அறியாத வைத்தியர் ஒரு கையால் காசநோயைக் குணப்படுத்திக்கொண்டே மறு கையால் நோயாளியைத் தெருவுக்கு அனுப்பிவிடுவார். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடல் மருந்தை விரைந்து வெளியேற்றுவதால், தாய்க்கு அளவைக் கூட்டவோ, ஒரு நாள் மருந்தை இரு வேளையாகப் பிரிக்கவோ நேரும். உயர்ந்த அளவுகளில் இதயத் துடிப்பின் மின்னோட்டம் நீளக்கூடும் என்பதால் இ.சி.ஜி. பார்ப்பதும் வழக்கமாயிருக்கிறது.

இரண்டாவது மருந்தான பியூப்ரெநார்ஃபினின் கதை வேறு. கசகசாச் செடியில் உள்ள தீபெயின் என்னும் பொருளிலிருந்து அதை 1966இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ரெக்கிட் அண்ட் கோல்மன் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் ஜான் லூயிஸும் அவருடைய குழுவினரும் வலி நிவாரணியாகச் செய்தார்கள். அடிமைத்தனத்துக்கு அதையே சிகிச்சையாக்கலாம் என்பதை 1978இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் டொனால்ட் ஜசின்ஸ்கி எடுத்துக்காட்டினார். இதன் விசேஷம் இரண்டு குணங்களின் சேர்க்கையில் இருக்கிறது. ஏற்பியை மற்றப் பெரும்பாலான அபின் வகைகளைவிட இறுகப் பற்றிக்கொள்வது ஒன்று. பற்றிக்கொண்ட பின் அதைப் பாதியளவே தூண்டுவது மற்றொன்று. பாதியளவே தூண்டுவதால், ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் சுவாசத்தின் மீது அதன் பிடி இறுகிக்கொண்டே போவதில்லை. மதுவோ தூக்க மாத்திரையோ சேராதவரை, மெதடோனில் உள்ள உயிரபாயம் இதில் வெகு குறைவு. பிரான்ஸ் தேசத்தில் 1996 முதல் சாதாரணக் குடும்ப வைத்தியர்களே இதை எழுதிக்கொடுக்க இடமளித்ததும், 1999க்குள் மிகை அளவினால் நேர்ந்த ஹெராயின் மரணங்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துபோயின.

இந்த மருந்தில் முதல் வேளைதான் சிரமம். ஹெராயின் ஏற்பிகளில் நிறைந்திருக்கும்போது பியூப்ரெநார்ஃபினைக் கொடுத்தால், இறுகப் பற்றும் தன் பலத்தினால் இது ஹெராயினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. ஆனால் முழுதாகத் தூண்டிக்கொண்டிருந்த ஒன்றின் இடத்தில் பாதியாகத் தூண்டும் ஒன்று வந்துவிட்டதால், நோயாளிக்கு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கடுமையான விலகல் வேதனை மூண்டெழுகிறது. வேதனையைத் தீர்க்க வந்த மருந்தே வேதனையைக் கொண்டுவந்துவிட்டது என்று கண்டவன் அந்த வாசலை மீண்டும் மிதிப்பது அரிது. அவன் சொல்லக் கேட்ட பத்துப் பேரும் அப்படியே. ஆகையால் நோயாளி முன்பே ஓரளவு வேதனை தொடங்கிய நிலையில் வர வேண்டும்: ஹெராயின் எடுத்தவர் குறைந்தது 12 மணி நேரமும், மெதடோன் எடுத்தவர் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரையும் ஒன்றும் தொடாமல் இருந்திருக்க வேண்டும். மணிக்கணக்கை மட்டும் நம்பாமல், நாடித்துடிப்பு, வியர்வை, கண்பாவையின் விரிவு, கொட்டாவி, மயிர்க்கூச்சு, கை நடுக்கம் முதலிய பதினொரு குறிகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டிப்பார்க்கும் ஓர் அளவுகோலும் உண்டு. கூட்டுத்தொகை 12 அளவில் வந்த பிறகே முதல் மாத்திரையைக் கொடுப்பது பல மருத்துவர்களின் வழக்கம். எந்த வேதனைக்குப் பயந்து இத்தனை காலம் ஓடினானோ, அதே வேதனையில் அரை நாள் இருந்துவிட்டு வா என்று ஒருவனிடம் சொல்வது எளிதான காரியமன்று. அதைச் சொல்லும் வைத்தியர் காரணத்தையும் விளக்கி, இடையில் வாந்திக்கும் பேதிக்கும் உடல்வலிக்கும் வேண்டியதைக் கொடுத்து, அன்று அவன் தம் பார்வையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வாரானால், பாதி வெற்றி அங்கேயே கிட்டிவிடுகிறது.

முதல் மாத்திரை இரண்டு முதல் நான்கு மில்லிகிராம். அதை விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பதால், நாக்கின் அடியில் வைத்துப் பேசாமல், எச்சிலை விழுங்காமல், முழுதும் கரையும்வரை காத்திருக்க வேண்டும். கசப்பை மாற்ற உடனே தண்ணீர் குடிப்பவர்கள் மருந்தையும் சேர்த்துக் குடித்துவிடுகிறார்கள். ஓரிரு மணி நேரத்தில் வேதனை குறையத் தொடங்கினால் மீண்டும் அதே அளவு. முதல் நாள் எட்டு மில்லிகிராம் வரையும், இரண்டாம் நாள் பதினாறு வரையும் போகலாம். ஒருகால் மருந்தே வேதனையை மூட்டிவிட்டாலும், அஞ்சி நிறுத்துவதைவிட அதே மருந்தை மேலும் கொடுத்து ஏற்பிகளை நிறைப்பதே பெரும்பாலும் தீர்வாகிறது. பிறகு நிலைகொள்ளும் அளவு சிலருக்கு எட்டு, பலருக்குப் பன்னிரண்டு அல்லது பதினாறு, சிலருக்கு இருபத்துநான்கு. இரவில் ஏக்கமின்றித் தூங்குகிறானா, மறுநாள் காலை மருந்துக்கு முன் உடல் நோகிறதா, இடையில் ஹெராயினைத் தொட்டால் அது அவனுக்கு ஏதாவது செய்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு அவன் சொல்லும் விடைகளே இங்கே வைத்தியருக்கு வழிகாட்டி.

ஃபென்டனில் பரவிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த விதிகள் கைகொடுக்காமல் போகத் தொடங்கின. ஃபென்டனில் கொழுப்பில் கரைந்து தங்கும் குணமுடையது. பல மாதம் எடுத்தவர்களின் உடலிலிருந்து அது நாட்கணக்கில் கசிந்துகொண்டிருப்பதால், 12 மணி நேரம் காத்திருந்து வந்தவர்களும் முதல் மாத்திரையில் துடித்துப்போனார்கள். இதற்கு ஒரு வழியைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மருத்துவர்கள் 2016இல் இரண்டு நோயாளிகளின் அனுபவத்தைக் கொண்டு எழுதியிருந்தார்கள்: பழைய வஸ்துவை நிறுத்தச் சொல்லாமலே, 0.2 மில்லிகிராம் போன்ற மிகச் சிறிய அளவில் பியூப்ரெநார்ஃபினைத் தொடங்கி, நாள்தோறும் சிறுகச் சிறுக ஏற்றி, ஏற்பிகள் ஒவ்வொன்றாக அதன் வசமான பின்பு பழையதை விடச்செய்வது. ஒரே நேரத்தில் தள்ளப்படாமல் சிறிது சிறிதாகவே பழைய வஸ்து இடம்பெயர்வதால், நோயாளிக்குப் பெரிய வேதனை தெரிவதில்லை. வேதனை தொடங்கும்வரை காத்திரு என்ற விதியையே சிலர் விஷயத்தில் வேண்டாததாக்கிவிட்ட இந்த யுக்தி இன்று பல நாடுகளில் கைக்கொள்ளப்படுகிறது.

நம் நாட்டில் 2019இல் வெளியான தேசிய ஆய்வு, அபின் வகைகளால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. மெதடோன் 2012இல் பஞ்சாபின் கபூர்தலா அரசு மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அதே மாநிலம் 2017 முதல் பியூப்ரெநார்ஃபினை நாலக்சோனுடன் சேர்த்துக் கொடுக்கும் புறநோயாளி நிலையங்களைத் திறந்தது. நாலக்சோன் நாக்கின் அடியில் அநேகமாக உட்செல்வதில்லை. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் மட்டும் அது விழித்துக்கொண்டு வேதனையைத் தூண்டும். இந்தச் சேர்க்கைக்கான அவசியத்தைச் சென்னை நன்கு அறியும்: 1990களில் அங்கே ஊசிப் பழக்கம் உள்ளவர்களிடையே பியூப்ரெநார்ஃபின் ஊசி மருந்தே பரவலாகப் புழங்கிற்று. ஒரே மூலக்கூறு ஊசியில் ஏறும்போது நோயாகவும், நாக்கின் கீழ்க் கரையும்போது சிகிச்சையாகவும் அமைகிறது. அந்தப் பழைய அனுபவத்தை நினைத்துச் சட்டமும் அதிகாரிகளும் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கூலிவேலை செய்பவன் ஒரு மாத்திரைக்காகத் தினமும் பேருந்தில் போய் வரிசையில் நின்று அரை நாள் கூலியை இழக்க வேண்டும் என்றால், அவன் எத்தனை மாதம் வருவான்?

“ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே இது? எப்போது நிறுத்துவது?” என்று வீட்டார் கேட்பது இயல்பு, அதில் அன்பும் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் நாற்பது பேரை இரு பிரிவாக்கிச் செய்து 2003இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இக்கேள்விக்கு நேரான விடை தருகிறது. இருபது பேருக்கு ஓராண்டு பியூப்ரெநார்ஃபின் தரப்பட்டது. மற்ற இருபது பேருக்கு ஆறு நாளில் அதைக் குறைத்து நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை தரப்பட்டது. ஆலோசனையும் கவனிப்பும் இரு சாராருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் முதற்பிரிவில் முக்கால் பங்கினர் சிகிச்சையில் நீடித்தார்கள்; இரண்டாம் பிரிவில் ஒருவர்கூட நீடிக்கவில்லை, நால்வர் இறந்துபோயிருந்தார்கள். பல நாடுகளின் கணக்குகளைத் தொகுத்து 2017இல் வந்த ஆய்வின்படி, மெதடோன் பெற்றுவரும் ஆயிரம் பேரில் ஆண்டுக்குப் பதினொருவரும், அதை விட்டவர்களில் முப்பத்தாறு பேரும் இறக்கிறார்கள்; விட்ட முதல் நான்கு வாரங்களே மிகக் கொடியவை, ஏனெனில் பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடல் இழந்திருக்க, நினைவு மட்டும் பழைய அளவையே வைத்திருக்கிறது.

நோயாளியே விரும்பி, வேலையும் உறவும் நிலைபெற்றபின் நிறுத்தப் பார்ப்பதில் தடையொன்றுமில்லை. அளவை மாதக்கணக்கில் சிறிது சிறிதாக இறக்கி, வேதனையோ ஏக்கமோ தலைகாட்டினால் முந்திய படிக்கே திரும்பி, அங்கே சில வாரம் தங்கிப் பிறகு மீண்டும் முயல்வது முறை. இடையில் ஐந்தாறு நாள் மெதடோன் எடுக்காமல் இருந்துவிட்டு ஒருவர் திரும்பி வந்தால், முன்பு வாங்கிக்கொண்டிருந்த 90 மில்லிகிராமை அவர் கையில் கொடுத்துவிடக் கூடாது. முப்பதிலோ அதற்குக் கீழோ தொடங்கி, முதலில் ஏறிய அதே நிதானத்தில் ஏற வேண்டும். விட்டுப்போனதற்காக அவரைக் கடிந்துகொள்ளும் நிலையத்தில், எத்தனை நாள் விட்டார் என்ற உண்மையை அவர் சொல்லமாட்டார். அந்த உண்மை தெரியாமல் எழுதப்படும் அளவு அவர் உயிரைப் போக்கிவிடக்கூடும்.